ஐஸ் வேர்க்கும் வரை

ஜூன் 6, வெள்ளி

பயிற்சியின் முதல் நாள். தடுப்பூசி போடும் கிராம செவிலியர்களுக்கு ஆறு வெள்ளிக்கிழமை. ஒன்பதரைக்கு ஆரம்பம் என்று ஆணையில் இருந்தது. புரொஜெக்டருக்கு வயர் கிடைக்கப் பத்தேகால் ஆனது. "இது நமக்கு எத்தனாவது டிரெய்னிங்டி தமயந்தி?" என்று புஷ்பராணி கேட்டாள். இருபத்தெட்டு வருட சர்வீஸ். எண்ணிப் பார்க்கத் தெம்பில்லை.

பயிற்சியாளர் பெயர் ஹபீபா. என் மகள் வயதுதான் இருக்கும். ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். "படிச்சதையும், சென்டர்ல நடக்கிறதையும் தேதி போட்டு எழுதுங்க. நாங்க யாரும் வாங்கிப் பாக்க மாட்டோம்" என்றார். வாங்கிப் பார்க்காத நோட்டை எதற்கு எழுதுவது என்று பின்வரிசையில் சிரிப்பு. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று படித்தது: எந்த வயதுக்கு எந்த ஊசி. பழைய பாடம். மதியம் எலுமிச்சை சாதம். முட்டி வலி.

ஜூன் 11, புதன்

தடுப்பூசி நாள். ஏழு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையம். மருந்தாளுநர் அறையைத் திறந்ததும் டீப் ஃப்ரீசரிலிருந்து நான்கு ஐஸ் பேக்கை எடுத்து நீலப் பெட்டியில் அடுக்கி, நடுவில் மருந்துக் குப்பிகளை வைத்து மூடி, ஏழு இருபது பஸ்ஸைப் பிடித்தேன். அதை விட்டால் ஒன்பது நாற்பதுதான். மார்ச் வரை மாடசாமி இந்தப் பெட்டியை பைக்கில் கொண்டுவந்து நெடுங்கரையில் என் சென்டர் வாசலிலேயே இறக்கிவிடுவான். அவன் வேலையை விட்டுப் போன பிறகு வேறு ஆள் போடவில்லை. ஏப்ரல் முதல் நான்தான் சுமக்கிறேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. பெட்டியை மடியில் வைக்க முடியாமல் காலிடுக்கில் வைத்துக்கொண்டேன். பெட்டி நல்ல ஜில்லென்றிருந்தது. இந்த வெயிலுக்கு அது ஒரு நிம்மதி. திறந்தபோது குப்பிகளின் மேல் வெள்ளைப் பூச்சாக ஐஸ் படிந்திருந்தது. ஒன்றில் மருந்து கட்டியாக இருந்தது போலத் தோன்றியது. உள்ளங்கையில் வைத்து உருட்டினேன், சரியாகிவிட்டது.

ஒன்பது குழந்தைகள். பாண்டிமீனாவின் பெண் குழந்தைக்கு மூன்றாவது பென்டா, கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான ஊசி. தொடையில் போடும் இந்த ஊசியை இங்கே காய்ச்ச ஊசி என்பார்கள். "போன தடவ ரெண்டு நா தூங்கவே விடல நர்சம்மா" என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். காய்ச்சலுக்குக் கால் மாத்திரை எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

உடம்பு வலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஹபீபா மேடம் இரண்டு பென்டா குப்பிகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று முறையாக வைத்திருந்தது. மற்றொன்றை வேண்டுமென்றே டீப் ஃப்ரீசரில் உறையவிட்டு, பிறகு உருகவிட்டது. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி மேசைமேல் வைத்தார். "அரை மணி நேரம் யாரும் தொடாதீங்க. வந்து வந்து பாருங்க."

வரிசையாகப் போய்ப் பார்த்தோம். நல்ல குப்பி நீர்மோர் போலக் கலங்கலாகவே இருந்தது. உறைந்து உருகிய குப்பியில் துகள் துகளாக அடியில் இறங்கி, மேலே வெறும் தண்ணீர் தெளிந்து நின்றது.

"இந்த ஊசி சூட்டுல கூடக் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனா ஒரு தடவ உறஞ்சிட்டா செத்துப்போச்சு. குத்தலாம், குழந்தை அழும், அட்டையில டிக் அடிக்கலாம். உள்ள பாதுகாப்பு வராது" என்றார். டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டியில் வைக்கக்கூடாது. வெளியே பரப்பி வைத்து, மேலெல்லாம் வேர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை காத்திருக்க வேண்டும். அரை மணி, முக்கால் மணி ஆகும்.

டீ இடைவேளையில் புஷ்பராணி, "என்னடி மொகம் ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். சர்க்கரை ஏறியிருக்கும் என்றேன்.

பெட்டியை யார் எப்படி அடுக்குகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

போர்வைகள் துவைத்தேன். இவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். இந்த ஐஸ் விஷயத்தை இதற்கு முன் யாரும் இவ்வளவு தெளிவாக எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லித் தந்தார்கள். நேற்று எழுதியது பொய். போன பயிற்சியிலும் சொன்னார்கள், அதற்கு முந்தியதிலும். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாடசாமி இருந்தவரை ஆறு மணிக்கே ஐஸை எடுத்து வெளியே வைப்பது அவன் வேலையாக இருந்தது. அவன் போனதும் வேலை என்னிடம் வந்தது, அந்த முக்கால் மணி நேரம் மட்டும் வரவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று ஐஸை வெளியே பரப்பிவைத்துக் காத்திருந்தேன். ஏழு இருபது போய்விட்டது. ஒன்பது நாற்பதில் ஏறி நெடுங்கரை போய்ச் சேர்ந்தபோது பத்தரை. தாய்மார்கள் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்களில் ஒருத்தி, "எங்களுக்கு வேற சோலியே இல்லன்னு நெனச்சீகளா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மூன்று குழந்தைகளுக்குத்தான் போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று பெற்றோரிடம் பேசும் பயிற்சி. இரண்டிரண்டு பேராக நடித்துக் காட்ட வேண்டும். புஷ்பராணி நர்ஸ், நான் தாய். அவள் அழகாகப் பேசினாள். "காய்ச்சல் வந்தா பயப்படாதீங்க, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள். எல்லோரும் கைதட்டப் போகிற நேரத்தில் நான் கேட்டேன்:

"நீங்க போட்ட ஊசி செத்த ஊசியா இருந்தா என்ன பண்ணுவீக நர்சம்மா?"

"அப்படியெல்லாம் இருக்காதும்மா" என்று புஷ்பராணி சிரித்துச் சமாளித்தாள். வகுப்பும் சிரித்தது. ஹபீபா மேடம் சிரிக்கவில்லை.

தண்ணீர் கேன் பக்கத்தில் வந்து, "அக்கா, அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது?" என்றார்.

"சும்மா நடிப்புதானே மேடம்."

"சரிக்கா" என்று தம்ளரை நிரப்பிக்கொண்டு போனார்.

ஜூன் 23, திங்கள்

நெடுங்கரை வினிதாவின் பையன் நிகிலனை ஜி.எச்.சில் சேர்த்திருக்கிறார்கள். நான்கு மாதக் குழந்தை. பத்து நாளாக இருமலாம். நேற்று இருமி இருமி மூச்சு நின்று உதடு நீலமாகிவிட்டது. கக்குவான் இருமலாக இருக்கலாம் என்கிறார்கள்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பென்டா மூன்று தவணையும் போட்டாயிற்று. ஏப்ரல் 2. ஏப்ரல் 30. மே 28. மூன்றும் என் கையால். மூன்றும் மாடசாமி போன பிறகு.

ஜூன் 24, செவ்வாய்

ஜி.எச். போனேன். குழந்தைகள் வார்டில் கடைசிக் கட்டில். மூக்கில் ஆக்சிஜன் குழாய். நான் நின்ற பத்து நிமிடத்தில் ஒருமுறை இருமல் வந்தது. இருபதுக்கு மேல் எண்ணினேன், நடுவில் அவனுக்கு மூச்சிழுக்க இடமே கிடைக்கவில்லை. முகம் செந்நிறமாகி, பிறகு கறுத்து, கடைசியில் கீச்சென்று ஓர் இழுப்பு. வினிதா அவன் முதுகைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

"ஊசியெல்லாம் கரெக்டா போட்டிருக்காகளான்னு டாக்டர் கேட்டாரு. அட்டயக் காட்டுனேன் நர்சம்மா. மூணும் போட்டிருக்கதாலதான் இந்த மட்டோட நின்டுச்சுன்னாரு. நீங்கதேன் எம்புள்ளயக் காப்பாத்துனீக."

நான் தலையை ஆட்டினேன்.

ஜூன் 25, புதன்

நேற்று மாலை ஊருக்குத் திரும்பியதும் சுகாதார நிலையத்து வாட்ச்மேன் சந்தனத்திடம் கேட்டேன், காலை ஆறு மணிக்கு நான்கு ஐஸ் பேக்கை எடுத்து மேசையில் வைக்க முடியுமா என்று. "மருந்தாளுநர் சாருட்ட சாவிக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க. இதுக்கென்ன சிஸ்டர்" என்றார். இன்று ஏழு மணிக்குப் போனபோது ஐஸ் முழுக்க வேர்த்துத் தயாராக இருந்தது. ஏழு இருபது பஸ்ஸிலேயே போனேன்.

இவ்வளவுதான். ஒரு மனிதரிடம் ஒரு வார்த்தை. ஏப்ரலிலேயே கேட்டிருக்கலாம்.

ஜூன் 27, வெள்ளி

"போன பாடங்கள்ல சந்தேகம் இருக்கா?" என்று ஹபீபா மேடம் கேட்டதும் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"ஏப்ரல் ரெண்டுலேருந்து ஜூன் பதினொண்ணு வரைக்கும் நான் ஐஸை வேர்க்க விடாமத்தான் பெட்டியில வச்சேன் மேடம். குப்பி உறஞ்சதக் கண்ணால பாத்திருக்கேன். உருட்டி உருக்கிப் போட்டிருக்கேன். முப்பத்தெட்டுக் குழந்தைங்க."

புஷ்பராணி என் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "உக்காருடி. பென்ஷனுக்கு ரெண்டு வருஷம் இருக்கு ஒனக்கு" என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

ஹபீபா மேடம் கோபப்படவில்லை. தேதிகளைக் குறித்துக்கொண்டார். பிறகு வகுப்பைப் பார்த்து, "வேற யாராவது?" என்றார். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் இருபத்திரண்டு பேரில் ஆறு கைகள்.

புஷ்பராணி தன் நோட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது ஹபீபா மேடத்திடம் நிகிலனைப் பற்றிக் கேட்டேன். அந்த இருமல் என் ஊசியால்தான் வந்ததா? "நல்ல ஊசி போட்ட குழந்தைக்கும் சில நேரம் வரும்கா. உங்களாலன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார்.

திட்டியிருக்கலாம்.

ஜூலை 1, செவ்வாய்

மெமோ வந்தது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். பஸ் நேரத்தை எழுதினேன். அடித்தேன். மாடசாமி இடத்துக்கு ஆள் போடாததை எழுதினேன். அதை அடிக்கவில்லை, அதுவும் உண்மைதானே. கடைசி வரியாக, "முறை எனக்குத் தெரியும், தெரிந்தே பின்பற்றவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவர் படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாவட்டத்திலிருந்து உத்தரவு: அந்தத் தேதிகளில் போட்ட குழந்தைகளுக்கு மறுபடி போட வேண்டும். எங்கள் டாக்டர் கோகுல்நாத் கூப்பிட்டார்.

"வீடு வீடாப் போய்க் கூப்பிடுங்க சிஸ்டர். ஆனா கதையெல்லாம் சொல்லிட்டிருக்காதீங்க. கூடுதல் டோஸ்னு சொன்னாப் போதும். உண்மையச் சொன்னீங்கன்னா இந்த ஊர்ல அப்புறம் ஒரு புள்ளகூட ஊசிக்கு வராது."

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. சரி சார் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

நான்கு வீடுகளில், "கூடுதல் டோஸ்" என்றேன். நான்கு பேரும் புதன்கிழமை வருகிறோம் என்றார்கள். மூன்று வீட்டில் மோர் கொடுத்தார்கள்.

ஐந்தாவது வீடு பாண்டிமீனா. துணி அலசிக்கொண்டிருந்தாள். "அதேன் மூணும் முடிஞ்சுச்சுல்ல, பெறகு எதுக்கு நர்சம்மா?" என்றாள். கேட்டதில் குத்தல் எதுவுமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கூடுதல் டோஸ் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"நான் போட்ட மருந்து ஐஸ்ல உறஞ்சு கெட்டிருக்கலாம். என் தப்பு."

கையிலிருந்த துணியை வாளியில் போட்டாள். "அப்ப எம்புள்ள மூணு தடவயும் கத்துனது வீணுக்கா? ராத்திரியெல்லாம் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தனே, அது வீணுக்கா?"

"கொஞ்சமாவது வேலை செஞ்சிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது."

"வீட்ல யாரு என்ன சொன்னாலும் நர்சம்மா சொன்னாக, நர்சம்மா சொன்னாகன்னு சண்ட போட்டிருக்கேன், தெரியுமா? எம்மாமியா மொகத்துல நா எப்புடி முழிக்க?"

அவள் அழுதாள். நான் நின்றேன். போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவுமில்லை.

ஜூலை 4, வெள்ளி

பயிற்சி. புஷ்பராணி வேறு வரிசையில் உட்கார்ந்தாள். என்ன படித்தோம் என்று நினைவில்லை.

ஜூலை 5, சனி

கூடுதல் டோஸ் என்று சொன்ன நான்கு வீடுகளுக்கும் மறுபடி போனேன். உண்மையைச் சொன்னேன். இரண்டு பேர் வருகிறோம் என்றார்கள். ஒருவர் யோசிக்கிறோம் என்றார். நான்காவது வீட்டில் குழந்தையின் அப்பா, "இனிமே இந்தப் படி ஏறாதீங்க" என்றார்.

மற்ற வீடுகளிலும் இப்படியே. வெயிலில் குதிகால் வெடித்து எரிகிறது.

ஜூலை 8, செவ்வாய்

நிகிலன் வீட்டுக்கு வந்துவிட்டான். இளைத்துவிட்டான், ஆனால் பால் குடிக்கிறான். கடைசி வீடாக இதை வைத்திருந்தேன், குழந்தை ஓய்வெடுக்கட்டும் என்று. இல்லை, அதற்காக இல்லை.

வினிதா எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இருமல் அதனால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். அவள் குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில நா ஒங்களக் கும்பிடாத கொறயாப் பேசுனேன். நீங்க தலைய ஆட்டுனீக."

"ஆமா வினிதா."

"அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

மடித்த சட்டைகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பாமலே சொன்னாள். "கெளம்புங்க."

ஜூலை 9, புதன்

மறு ஊசி முகாம். முப்பத்தெட்டில் இருபத்துமூன்று பேர் வந்தார்கள். பாதிகூட வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பாண்டிமீனா வந்தாள். என்னோடு பேசவில்லை. பெட்டியைக் காட்டச் சொன்னாள். ஐஸ் பேக் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் திருப்பி வைத்துவிட்டு, மகளை மடியில் கிடத்தி, கால் ஆடாமல் தானே பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்துவிட்டு வரிசையிலிருந்த மற்றவர்களும் பெட்டியைக் காட்டச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் திறந்து காட்டினேன். மத்தியானம் ஆகிவிட்டது.

வினிதா வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

கடைசிப் பயிற்சி. சான்றிதழ், குரூப் போட்டோ. என்னை நடுவில் நிற்கச் சொன்னார்கள், ஓரமாகவே நின்றுகொண்டேன். மெமோவுக்கு இன்னும் முடிவு வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் புஷ்பராணி பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "என்னோடது இருபத்தொம்பது" என்றாள்.

குழந்தைகளின் கணக்கைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நேத்து டாக்டர்ட்ட எழுதிக் குடுத்துட்டேன். மொதல்ல ஒம்மேல ஆத்திரமா வந்துச்சுடி. இப்பவும் இருக்கு." அவள் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ஜூலை 14, திங்கள்

வராத பதினைந்து வீட்டுக்கும் போனேன். எட்டு வீட்டில் கதவு திறந்தார்கள். வினிதா வீடு பூட்டியிருந்தது.

ஜூலை 16, புதன்

மறு ஊசி இன்றும் உண்டு. காலையிலேயே ஆறு பேர் வந்துவிட்டார்கள், மொத்தம் இருபத்தொன்பது. பதினோரு மணி இருக்கும், புஷ்பராணியிடமிருந்து போன். அவள் சென்டர் நெடுங்கரையிலிருந்து ஏழு கிலோமீட்டர்.

"ஒன் ஊருப் பொண்ணு ஒண்ணு பஸ் ஏறி இங்க வந்திருக்கு. பேரு வினிதா. பையனுக்குத் திரும்பப் போடணுமாம். ஒங்கிட்டப் போட மாட்டாளாம்."

"டிஸ்சார்ஜ் சீட்டு கொண்டுவந்திருக்காளா? காய்ச்சல் ஏதும் இருக்கான்னு பாரு. இருமல் எப்படி இருக்கு?"

"எல்லாம் பாத்துட்டேன். டாக்டரும் போடலாம்னு எழுதியிருக்காரு. இருந்தாலும் ஒங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணுச்சு. அவ இங்கதான் நிக்கிறா. என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். போடு."

அவள் போனை வைக்கவில்லை. மேசைமேல் போட்டுவிட்டாள் போல. ஊசிப் பொட்டலம் பிரிக்கும் சத்தம். "காலப் பிடிச்சுக்கம்மா" என்ற குரல். அப்புறம் நிகிலன் அழுதான். வீறிட்ட அழுகை, நீளமாக, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கும்படி. நடுவில் ஒரு இருமல் வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அடுத்தது வரவில்லை. மூச்சை முழுசாக உள்ளே இழுத்து, மறுபடி அழ ஆரம்பித்தான்.

இங்கே வரிசையில் நின்றவள், "நர்சம்மா, எங்களப் பாக்கலயா?" என்றாள். போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். அவள் பிள்ளையைக் கிடத்தச் சொன்னேன்.